மூன்றாவது விண்மீனை எங்கிருந்து அளப்பது: ஸீட்டா கேன்க்ரி தொகுதியில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடக விண்மீன் குழுவில் உள்ள ஸீட்டா கேன்க்ரி, வெறுங்கண்ணுக்கு ஒரே மங்கலான புள்ளி. சிறிய தொலைநோக்கியில் பார்த்தால் ஏறக்குறைய 6 விகலை (ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை) இடைவெளியில் இரண்டு விண்மீன்கள் தெரியும். காற்று அசையாமல் நிற்கும் இரவில், இன்னும் கொஞ்சம் பெரிய கருவி இருந்தால், அவற்றில் பிரகாசமானது மறுபடியும் இரண்டாகப் பிரியும். அகன்ற ஜோடியை 1756இல் தோபியாஸ் மாயர் கண்டார். நெருங்கிய ஜோடியை 1781இல் வில்லியம் ஹெர்ஷல் பிரித்துப் பார்த்தார். நெருங்கிய இருவரும் ஏ, பி. தள்ளி நிற்பது சி. பட்டியல்களில் இது ஸ்ட்ரூவ 1196 என்ற எண்ணில் இருக்கிறது.

ஏயும் பியும் ஒன்றையொன்று சுற்றிவர 59.6 ஆண்டு ஆகிறது. ஹெர்ஷல் காலத்திலிருந்து நான்கு சுற்று முடிந்துவிட்டதால், அந்தச் சுற்றுப்பாதையில் பெரிய சந்தேகம் எதுவும் மிச்சமில்லை. சியின் கதை வேறு. அது ஏ–பி ஜோடியைச் சுற்ற ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். வெளியான கணக்கு ஒன்று 1,115 ஆண்டு என்கிறது. மாயர் தொடங்கி இன்றுவரை எல்லோரும் பார்த்ததைச் சேர்த்தாலும் ஒரு சுற்றில் கால்வாசிதான்.

இந்தத் தொகுதியை எடுத்துக்கொண்டவர்கள் மூன்று பொழுதுபோக்கு வானியலாளர்கள். ஒருவர் படம் எடுப்பவர். இன்னொருவர் படத்திலிருந்து அளவெடுத்துக் கணக்குப் பார்ப்பவர். மூன்றாமவர், கேமரா காலத்துக்கு முன்பே கண்வில்லையில் பொருத்தும் இழை நுண்ணளவி கொண்டு இரட்டை விண்மீன்களை அளந்து பழகிய மூத்தவர். மூன்று விண்மீன்களும் ஏறத்தாழ ஒரே ஒளிமை (5.6, 6.0, 6.1; எண் சிறிதானால் பிரகாசம் கூடுதல்), ஒரே மாதிரியான மஞ்சள் கலந்த வெள்ளை நிறம், உள் ஜோடியின் விடை ஏற்கெனவே தெரியும். தங்கள் முறையைச் சோதித்துப் பார்க்க இதைவிட வசதியான இலக்கு கிடைக்காது என்பதே அவர்கள் இதைத் தேர்ந்தெடுத்த காரணம். புதிதாக எதையும் கண்டுபிடிக்கும் எண்ணம் அப்போது இல்லை. பிற்பாடு குழப்பம் வந்தபோது கணக்கைச் சரிபார்க்க என்னிடம் வந்தார்கள். கோப்புகளை முழுதாகப் பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

அளவெடுத்த முறை

இரட்டை விண்மீனை அளப்பது என்றால் இரண்டு எண்களைப் பிடிப்பது. ஒன்று, இரண்டுக்கும் உள்ள இடைவெளி. மற்றது நிலைக்கோணம்: முதன்மை விண்மீனில் நின்று வடக்கிலிருந்து கிழக்கு வழியாக எத்தனை பாகை திரும்பினால் துணை விண்மீன் இருக்கிறது என்பது. இந்த இரண்டு எண்களும் தேதியும் பல ஆண்டுகளுக்குச் சேர்ந்தால், வானத்தில் தெரியும் நீள்வட்டம் கிடைக்கும். அது உண்மையான பாதை சாய்ந்து தெரியும் தோற்றம்தான். அதை நிமிர்த்தி ஏழு எண்களாக எழுதுவது அடுத்த வேலை: சுற்றுக்காலம், இருவரும் மிக நெருங்கிய நாள், மையப்பிறழ்ச்சி (நீள்வட்டம் எவ்வளவு நீண்டது என்பது), பாதையின் அளவு, அப்புறம் அது எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று சொல்லும் மூன்று கோணங்கள்.

அவர்களுடைய கருவி 250 மில்லிமீட்டர் தொலைநோக்கி. அதன் பிரித்தறியும் எல்லை அரை விகலைக்குச் சற்றுக் கீழே. ஏ–பி இடைவெளி இப்போது 1 விகலையை ஒட்டி இருப்பதால் இருவரையும் தனித்தனியாகப் பிடிக்க முடிந்தது. ஒரு நொடியின் சிறு பகுதியே நீளும் படங்களை ஆயிரக்கணக்கில் எடுத்து, காற்று குலைக்காத சிலவற்றை மட்டும் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினார்கள்.

படம் எடுப்பதைவிடத் தலைவலி, அந்தப் படத்தில் வடக்கு எது, ஒரு புள்ளிக்கு எத்தனை விகலை என்று தெரிந்துகொள்வது. அதற்கு நகர்வு முறை என்ற பழைய வழி இருக்கிறது. தொலைநோக்கியைச் சுழற்றும் மோட்டாரை நிறுத்திவிட்டால் விண்மீன் கேமராவின் படச்சில்லின் குறுக்கே மேற்கு நோக்கி நழுவும். அது போட்ட கோடே கிழக்கு–மேற்குத் திசை. ஸீட்டா கேன்க்ரி வான நடுக்கோட்டுக்கு 17.6 பாகை வடக்கே இருப்பதால், அது நொடிக்கு 14.3 விகலை வேகத்தில் நழுவும். சில்லின் ஓரம் முதல் ஓரம்வரை எத்தனை நொடி ஆனது என்று பார்த்தால் அளவுகோல் கையில் வந்துவிடும். கேமராவைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் கோணம் மாறும் என்பதால், இதை ஒவ்வோர் இரவும் செய்யவேண்டும். படம் எடுத்தவர் முதல் பருவத்தில் இதைச் சில இரவுகளில் விட்டுவிட்டார். அது பிறகு ஒரு விவாதமாக வளர்ந்தது, கடைசியில் சொல்கிறேன்.

அவர்கள் பயன்படுத்திய மென்பொருள் படத்தில் மிகப் பிரகாசமான விண்மீனைத் தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொள்ளும். அதனால் பியையும் சியையும் ஏயிலிருந்தே அளந்தார்கள். யாரும் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு அல்ல இது.

கண்டது

சில பருவங்கள் சேர்ந்தபின் முடிவுகளை வெளியான பாதைகளோடு ஒப்பிட்டார்கள். ஏ–பி கச்சிதமாகப் பொருந்தியது. சி பொருந்தவில்லை. ஓர் இரவில் மேலே, மறு இரவில் கீழே என்று சிதறியிருந்தால் காற்றின்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். இங்கே வித்தியாசம் பருவத்துக்குப் பருவம் ஒரே பக்கமாக வளர்ந்துகொண்டே போனது.

கணக்குப் பார்த்தவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று சியை இழுக்கிறது என்பது அவர் எண்ணம். சொன்னால் நம்ப முடியாது, ஆனால் அவர் முழுக்கத் தவறும் இல்லை. அந்தச் சமயத்தில் அவரிடம் இருந்த ஆதாரம் மட்டும் அதைச் சொல்லவில்லை.

முதலில் சந்தேகப்பட்டது கருவியை. படம் தவறாகத் திருப்பப்பட்டிருந்தாலோ அளவுகோல் பிசகியிருந்தாலோ ஏ–பியும் அதே விகிதத்தில் பிசகவேண்டும். ஆனால் 1 விகலை இடைவெளியில் ஒரு சிறு பிசகு பிழைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளலாம் என்பதால், அந்த ஒரு சாட்சியை மட்டும் நம்ப மூத்தவர் சம்மதிக்கவில்லை. அதே இரவுகளில் பக்கத்து மிதுனத்தில் உள்ள காஸ்டரையும் படம் எடுத்திருந்தார்கள். காஸ்டரின் ஏயும் பியும் 5 விகலைக்குச் சற்று மேலே விலகி நிற்பவை. அந்தப் பாதை சுமார் 460 ஆண்டு நீளமானது, மெதுவாக நகர்வது, நன்றாகத் தெரிந்தது. காஸ்டரின் அந்த இருவருமே உள்ளுக்குள் இரட்டைகள்தான். ஆனால் அந்தச் சுற்றுகள் 9.2 நாள், 2.9 நாள் அளவில் மிக நெருக்கமானவை. இந்த அளவீட்டில் அவற்றின் ஆட்டம் தெரியவே தெரியாது. காஸ்டர் சரியாகப் பொருந்தியது. கருவி குற்றவாளி இல்லை என்று முடிவானது.

அடுத்த சந்தேகம் அயனச் சலனம். வடதுருவம் மெல்ல இடம் மாறுவதால் நிலைக்கோணமும் தானாகவே மாறும். இந்த இடத்தில் அது ஆண்டுக்கு 0.005 பாகை, கால் நூற்றாண்டு சேர்ந்தாலும் எட்டில் ஒரு பாகை. காணப்பட்ட வித்தியாசத்துக்கு முன் ஒன்றுமில்லை. காற்று வெவ்வேறு நிறங்களை வெவ்வேறு அளவு வளைப்பதையும் கணக்கில் பார்த்தார்கள். மூன்றும் ஏறத்தாழ ஒரே நிறம் என்பதால் அதுவும் கழிந்தது.

முதல் முடிவு: தொடக்கப் புள்ளியை மாற்றுவது

திருப்பம் ஒரு சாதாரணக் கேள்வியில் வந்தது. படங்களைப் புரட்டிக்கொண்டிருந்த மூத்தவர், “தம்பி, சியை எதிலிருந்து அளக்கிறீங்க?” என்று கேட்டார்.

“ஏயிலிருந்துதான் சார். அதுதானே முதன்மை?”

“ஏ சும்மா நிக்குதா?”

நிற்கவில்லை என்பதுதான் விஷயம். சி ஆயிரம் ஆண்டுப் பாதையில் சுற்றுவது ஏயை அல்ல, ஏ–பி ஜோடியின் நிறைமையத்தை, அதாவது இருவரின் நிறையும் சமன்படும் புள்ளியை. ஏயின் நிறை பியைவிடக் கொஞ்சமே அதிகம். அதனால் நிறைமையம் இருவருக்கும் கிட்டத்தட்ட நடுவில், ஏ பக்கம் சற்றுச் சாய்ந்து இருக்கிறது. இடைவெளி 1 விகலை என்றால் ஏ அந்த மையத்தைச் சுமார் அரை விகலை ஆரத்தில் தானும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பியின் நிலைக்கோணம் 30 பாகை மாறும் காலத்தில் ஏ நகர்ந்திருக்கும் தூரம் கால் விகலை. 6 விகலை தள்ளியிருக்கும் சியை அங்கிருந்து பார்த்தால் அது நிலைக்கோணத்தில் 2.5 பாகைவரை மாற்றம் காட்டலாம். ராட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு தூரத்து மரம் ஆடுகிறது என்று சொல்வது போலத்தான்.

இதைச் சொல்லிக் கணக்கைத் திருத்திவிடலாம். ஆனால் திருத்தத்துக்கு ஏ–பி நிறை விகிதம் வேண்டும். அதை வேறொருவர் கணக்கிலிருந்து கடன் வாங்கவேண்டும். அதற்கு முன்பே அவர்களால் செய்யக்கூடிய, எந்தக் கொள்கையையும் நம்பத் தேவையில்லாத ஒரு சோதனை இருந்தது. பழைய படங்களை எல்லாம் மறுபடி எடுத்து, சியைப் பியிலிருந்தும் அளந்தார்கள்.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஏயும் பியும் நிறைமையத்துக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பவை. ஆகவே அவற்றின் ஆட்டத்தால் வரும் வித்தியாசம் ஏ–சி வரிசையில் ஒரு பக்கமும் பி–சி வரிசையில் மறு பக்கமும் போகவேண்டும். சியே ஆடினால், அந்த ஆட்டம் இரண்டு வரிசைகளிலும் ஒரே பக்கமாக வரவேண்டும். இரண்டு வளைவுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வரைந்தபோது பெரும்பகுதி எதிரெதிராகத்தான் போனது. ஆடுவது யார் என்ற கேள்விக்கு முக்கால் பங்கு பதில் அங்கேயே கிடைத்துவிட்டது: உள் ஜோடிதான்.

மிச்சம்

நிறைமையத்துக்கு மாற்றியபின் வித்தியாசம் சுருங்கியது, ஆனால் மறையவில்லை. சிறிய, லேசாக வளைந்த ஒரு மிச்சம், இரண்டு வரிசைகளிலும் ஒரே திசையில். அதாவது இது சியின் சொந்த ஆட்டம்.

கணக்குப் பார்த்தவர் மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தார். மூத்தவர்தான் பழைய வரலாற்றை எடுத்துச் சொன்னார். சியின் நகர்வு சீராக இல்லை என்று 1831லேயே ஜான் ஹெர்ஷல் கவனித்திருக்கிறார். சியைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத துணை இருக்கவேண்டும் என்று 1870களில் ஓட்டோ ஸ்ட்ரூவ சொன்னார். பிறகு ஜெர்மானிய வானியலாளர் சீலிகர் இதை விரிவாகக் கணக்கிட்டார். ஆட்டத்தின் காலம் 17 ஆண்டுக்குச் சற்று மேல். அந்தத் துணையை யாரும் நேரில் காணவில்லை. 2000ஆம் ஆண்டில் வெளியான முடிவில்தான், காற்றின் குலைவை உடனுக்குடன் திருத்தும் தகவமை ஒளியியல் பொருத்திய பெரிய தொலைநோக்கியில், அகச்சிவப்பில், சியை ஒட்டி அது தனியாகத் தெரிந்தது. இழுக்கும் பலத்தைப் பார்த்தால் கனமானது, நிறத்தைப் பார்த்தால் சிவந்த, மங்கலானது. அதனால் அதுவே இரண்டு செங்குறு விண்மீன்களாக இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு.

ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அறிவிக்கப்பட்டதை மறுபடி அறிவிக்கும் சங்கடம் இப்படித் தவிர்க்கப்பட்டது. நூல்களையும் பட்டியலையும் முதலிலேயே ஒருமுறை புரட்டியிருந்தால் இதெல்லாம் தேவையில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் விடை தெரியாமல் அளந்ததால், வளைவை விடைக்கேற்ப இழுத்துவிடும் ஆபத்தும் இல்லாமல் போனது. அந்த வகையில் இந்த அளவுகள் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கைக்கு உரியவை என்பேன்.

இரண்டாவது முடிவு: பாதையை வெளியிடுவதா

கையில் அளவுகள் இருக்கின்றன, மென்பொருள் இருக்கிறது. சியின் 17 ஆண்டு ஆட்டத்துக்குத் தாங்களே ஒரு பாதை கண்டுபிடிக்கலாம் என்று கணக்குப் பார்த்தவர் முயன்றார். மென்பொருள் மறுக்காமல் விடை கொடுத்தது. சிக்கல், எதைக் கேட்டாலும் கொடுத்தது. சுற்றுக்காலம் 15 ஆண்டு என்றாலும் பொருந்தியது, 20 என்றாலும் பொருந்தியது. அவர்களுடைய அளவுகள் மூடியிருந்தது ஒரு சுற்றின் சிறு பகுதியை மட்டும். சுற்றுக்காலத்தைக் கூட்டினால் பாதையின் அளவும் சேர்ந்து கூடும். வளைவு அப்படியே இருக்கும். குறுகிய வில்லில் இந்த இரண்டும் கைகோத்துக்கொண்டுதான் நகரும். மூன்று பாதைகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் தொகுதியில் பாதைக்கு ஏழு எண்கள். கூடவே நிறை விகிதங்கள். இத்தனை தெரியாதவற்றைச் சில பருவ அளவுகளின் தலையில் கட்ட முடியாது.

இங்கே பழைய அளவுகள் உதவும் என்று நம்பினார்கள். அமெரிக்கக் கடற்படை வானாய்வகம் பராமரிக்கும் வாஷிங்டன் இரட்டை விண்மீன் பட்டியலில், கேட்டுப் பெற்றால் ஒரு தொகுதியின் முந்தைய அளவுகள் எல்லாம் வரும். வந்தன. அவற்றோடு புதுத் தலைவலியும் வந்தது. சிலர் சியை ஏயிலிருந்து அளந்திருந்தார்கள். சிலர், காற்று மோசமான இரவுகளில் ஏயும் பியும் ஒரு நீண்ட திட்டாகத் தெரிந்ததால், அந்தத் திட்டின் நடுவிலிருந்து அளந்திருந்தார்கள். அந்த நடு, ஒளியின் நடு. நிறையின் நடு அல்ல. இரண்டும் இங்கே அருகருகே இருந்தாலும் ஒன்றே அல்ல. மேலும், ஏக்கும் பிக்கும் ஒளிமையில் வித்தியாசம் 0.4 மட்டுமே என்பதால், யார் ஏ, யார் பி என்று கண் ஏமாறுவது எளிது. அப்படி ஏமாந்தால் ஏ–பி கோணம் 180 பாகை புரளும். அதைத் திருத்துவது சுலபம், ஏனென்றால் பாதை தெரியும். ஆனால் அதே இரவில் “ஏயிலிருந்து” என்று குறித்த சியின் அளவும் உண்மையில் பியிலிருந்து எடுத்ததாகிவிடும். அந்தப் பிழை சியின் ஆட்டத்தைவிடவே பெரியது.

நீண்ட விவாதத்துக்குப்பின் எடுத்த முடிவு: பாதையை வெளியிடுவதில்லை, அளவுகளை மட்டும் வெளியிடுவது. ஏ–பி, ஏ–சி, பி–சி மூன்றையும் தனித்தனியாக, இரவு வாரியாக, பிழை வரம்போடு. கணக்குப் பார்த்தவர் இதைத் தோல்வி என்றே நினைத்தார். “பாதை இல்லாமல் யார் படிப்பார்கள்?” என்றார். இந்தத் துறையில் நிலைமை நேர்மாறு என்பது என் கருத்து. சுற்றுப்பாதைப் பட்டியலில் பாதைகளுக்கு 1 முதல் 5 வரை தரம் போடுகிறார்கள். 1 உறுதியானது, 5 நிச்சயமற்றது. ஐந்தாம் தரத்தில் இன்னொரு பாதையைச் சேர்ப்பதால் யாருக்கும் லாபம் இல்லை. ஒழுங்கான அளவுக்கு வயது ஆக ஆக மதிப்புக் கூடும்.

பின்னர் நடந்தது

இரட்டை விண்மீன் அளவுகளுக்கென்றே நடக்கும் ஓர் இதழுக்கு அனுப்பினார்கள். மதிப்பாய்வாளர் கேட்டது ஒன்றே ஒன்று: ஒவ்வோர் இரவும் திசை எப்படிக் கண்டீர்கள்? நகர்வுக் கோடுகளின் கோப்புகள் இருந்ததால் பதில் சொல்ல முடிந்தது. கட்டுரை வெளியானது. பி–சி அளவுகள் அரிதாகவே கிடைப்பவை என்பதால் அவை வரவேற்கப்பட்டன.

ஓர் உபரிப் பயனும் கிடைத்தது. சியைத் தூரத்து அடையாளக் கல்லாக வைத்துக்கொண்டால், ஏயும் பியும் எந்தப் புள்ளியைச் சுற்றுகின்றன என்று நேரடியாகக் காணலாம்; அது நிறை விகிதத்தைத் தரும். முயன்றார்கள். ஒன்றுக்கு அருகில் வந்தது, எதிர்பார்த்ததுதான். சியின் ஆட்டம் இதிலும் கலப்பதால் அதற்குமேல் துல்லியம் கோரவில்லை. தனித்தனி நிறைகளுக்குப் போகாமல் விட்டதும் சரி. அதற்குத் தொலைவு வேண்டும். கணக்கில் தொலைவு மூன்றாம் அடுக்காக வரும். தொலைவைத் தருவது இடமாறு கோணம், அதாவது பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரியும் அளவு. அதில் 5 சதவீதப் பிழை நிறையில் 15 சதவீதமாகும். ஆடும் விண்மீன்களின் இடமாறு கோணத்தை, அவை ஆடாதவை என்று கொண்டு கண்டுபிடித்திருந்தால், அந்த 5 சதவீதம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

மாற்றிக்கொண்டவை

இப்போது அவர்கள் மூன்று விண்மீன் உள்ள எந்தப் படத்திலும் மூன்று ஜோடிகளையும் முதல் நாளிலிருந்தே அளக்கிறார்கள். எந்தப் புள்ளியிலிருந்து என்பது அட்டவணையில் தனிக் கட்டமாகவே இருக்கிறது. அதே இரவில், அதே அளவு இடைவெளியுள்ள, நன்றாகத் தெரிந்த ஓர் இரட்டையையும் எடுக்கிறார்கள். மோட்டாரை நிறுத்தி நகர்வுக் கோடு போடாத இரவின் படம் கோப்புக்குள் போவதில்லை. சியைப் பொறுத்தவரை, ஒரு முழு 17 ஆண்டுச் சுற்று முடியும்வரை பாதை முயற்சி கிடையாது. என்னைக் கேட்டால், பார்வைக்கோட்டு வேகத்தை அளக்கும் நிறமாலைக் கருவி உள்ள யாரையாவது இதற்குள் சேர்த்துக்கொள்வது நல்லது. வானத்தில் எடுத்த அளவுகள் மட்டும் இருந்தால், பாதையின் எந்தப் பாதி நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்பது தெரியவே தெரியாது.

தீராதது ஒன்று மட்டும். முதல் பருவத்தில் நகர்வுக் கோடு இல்லாத இரவுகளின் படங்களை என்ன செய்வது? அந்தப் படங்களிலேயே ஏ–பி இருக்கிறது, அதன் பாதை தெரியும். அதைக்கொண்டே திசையைக் கண்டுபிடித்துச் சியை அளந்துவிடலாம் என்றார் படம் எடுத்தவர். அளக்கலாம், ஆனால் 1 விகலைக் கோட்டைக்கொண்டு 6 விகலைக் கோட்டின் திசையைத் தீர்மானித்தால் கோணப் பிழை அப்படியே நீண்ட கோட்டுக்குப் போகும்; அந்த இரவுகளின் ஏ–பி அளவும் சுயமான அளவாக இராது என்றார் மூத்தவர். அந்த இரவுகள் வெளியான அட்டவணையில் இல்லை. அசல் படங்களை அழிக்காமல், காரணத்தைக் குறித்துத் தனிக் கோப்பில் வைத்திருக்கிறார்கள்.